ராணி வீட்டு ஞானப்பிள்ளைகள்

“மூணு ஞாயித்துக்கிழமை கல்யாண ஓலை வாசிச்சீங்களே சாமி, அப்பல்லாம் வாய்க்குள்ள என்ன, கஞ்சியா இருந்துச்சு?”

“பெதோக், கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு இப்படிக் கத்தினா—”

“வாசல்ல நிறுத்தினது நீங்க! நானா வந்து நின்னேன்?”

“முழுசாக் கேளு. தடைன்னு ஒருத்தர் கையைத் தூக்கிட்டா நான்—”

“ஆடு அண்டாவுல வெந்துக்கிட்டிருக்கு. பீர் பீப்பாயத் திறந்தாச்சு. புள்ள வேற அவ வயித்துல—”

“மெதுவாப் பேசு!”

“எதுக்கு மெதுவா? ஊருக்கே தெரியும். அண்டாவுல வேகுற ஆட்டுக்கும் தெரியும்.”

சாமியார் ஃபின்லே தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் மணப்பெண் மூரியல் நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளை டூகல். மோதிரம் மூரியலின் விரலில் பாதி வரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. அதை உள்ளே தள்ளுவதா வெளியே இழுப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பெதோக் மூரியலின் தாய். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். இந்த ஒரு கல்யாணத்தைத் தவிர உலகத்திடம் வேறெதையும் அவள் கேட்டதில்லை.

கையைத் தூக்கியவர் மாஸ்டர் ஆசலின். ஆயர் மன்றத்தின் நீதிபதி. திருச்சபைக்குச் சேரவேண்டிய பத்தில் ஒரு பங்கு மீனை வாங்கிப்போக எங்கள் ஆர்ட்னெஸ் கடற்கரைக்கு வந்தவர். கல்யாணம் என்று கேள்விப்பட்டு, விருந்துக்கு இருந்துவிட்டுப் போகலாமே என்று தங்கினார். யாருக்காவது இந்தக் கல்யாணத்தில் தடை தெரியுமா என்று சாமியார் வழக்கப்படி கடைசி முறையாகக் கேட்டபோது, அவர் ஒரு கையில் புகைபோட்ட மீனைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினார்.

“எனக்கு இதுல எந்தச் சந்தோஷமும் இல்லம்மா,” என்றார். அவர் மிகவும் நல்ல மனிதர். கெட்ட செய்தியைச் சொல்லும்போதெல்லாம் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார். “ஆனா அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் நடக்கிறதப் பாத்துட்டு நான் எப்படிச் சாப்பிடுவேன், சொல்லு?”

“யாரு அண்ணன்? யாரு தங்கச்சி?” என்றாள் பெதோக்.

“ரெண்டு பேருக்கும் ஞானத்தாய் யாரு?”

அதற்கு ஊரே ஒரே குரலில் பதில் சொன்னது. பழக்கதோஷம். “ராணி ஹெலவீஸ்!”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டோம்.

ராணி ஹெலவீஸ் திருயாத்திரை போகும்போது புயலில் மாட்டிக்கொண்டார். உயிரோடு எந்தக் கரையில் ஏறுகிறேனோ, அந்த ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் நானே ஞானத்தாயாக நிற்கிறேன் என்று படகில் வேண்டிக்கொண்டாராம். ஏறிய கரை எங்கள் கரை. முக்காடெல்லாம் சொட்டச் சொட்ட கோயிலில் நின்று, கையில் கொடுத்த குழந்தையையெல்லாம் ஞானஸ்நானத் தொட்டியின் மேல் பிடித்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வெள்ளைத் துணி கொடுத்தார். நல்ல நயமான துணி.

அன்று முதல் எங்கள் ஊருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பக்கத்து ஊர்ச் சந்தையில் எங்கள் பெண்கள் மீன் விற்கும்போது, “ராணி வீட்டுப் பிள்ளைங்க பிடிச்ச மீனு, விலையப் பத்திப் பேசாத” என்பார்கள். ராணி செத்துப்போன வருடம் நாங்கள் ஊரோடு துக்கம் கொண்டாடினோம். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. அந்தக் குழந்தைகளில் முதலில் கல்யாண வயதுக்கு வந்தவர்கள் மூரியலும் டூகலும்தான்.

“ஒரே தாய்,” என்றார் ஆசலின். “ஒரே தொட்டி. இதுல நான் என்னத்தக் கண்டுபிடிச்சேன்? நீங்கதானே பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தீங்க.”

மோதிரத்தை டூகல் வெளியே இழுத்தான். ஆட்டை வீணாக்க வேண்டாமே என்று ஆசலின் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

*

விசாரணை நகரத்தில், ஆயர் மன்றத்தில் நடந்தது. ராணி குடும்பத்து வழக்கு என்பதால், தொடங்கும் முன் ராணியின் வம்சாவளியை எல்லோரும் எழுந்து நின்று கேட்கவேண்டும் என்பது விதி. ஒரு துறவி நின்று வாசித்தார். ஹெலவீஸ், ராவுல் பிரபுவின் மகள். ராவுல், வாலராவின் மகன். வாலரா, இன்னாரின் மகன். இப்படியே நார்மண்டியைத் தாண்டி, டிராய் நகரத்தைத் தாண்டி, நோவாவின் கப்பல் வரைக்கும் போனார். மூரியலுக்குக் கால் வீங்கியிருந்தது. அவள் சுவரில் சாய்ந்தாள். “பாட்டன் பாட்டி பேரு வாசிக்கும்போது சாயக்கூடாது,” என்று வாசல் காவலன் அதட்டினான்.

துறவி மூச்சு வாங்கி முடித்ததும் பெதோக் கேட்டாள்.

“ஐயா, ஒரு சந்தேகம். நோவாகிட்ட இருந்துதானே நாம எல்லாருமே வந்தோம்?”

“ஆமா.”

“அப்ப எல்லாருமே அண்ணன் தங்கச்சிதானே? அப்ப யாருதான் யாரைக் கட்டுறது?”

“நல்ல கேள்வி,” என்றார் ஆசலின். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். “இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட இதக் கேட்டதில்ல. அதனாலதாம்மா ஒரு எல்லை வச்சிருக்கோம். இங்க பாரு.”

அங்கியின் கையை மேலே சுருட்டினார். வெளுத்து, மெலிந்த கை. உறவைக் கையில்தான் எண்ணுவார்கள். அவர் தன் தலையைத் தொட்டார்.

“இது ராணி. தோள், அவங்க பிள்ளைங்க. முழங்கை, பேரப்பிள்ளைங்க. மணிக்கட்டு, அவங்களுக்குப் பிறக்கிறவங்க. இந்த விரலோட முதல் கணு, அதுக்கும் அடுத்தது. இதுக்குள்ள இருக்கிற யாரும் யாரையும் கட்டக்கூடாது. முன்னெல்லாம் நகம் வரைக்கும் தடை இருந்துச்சு. இப்பத்தான் ரோமாபுரியில பெரிய சபை கூடி, கணுவோட போதும்னு குறைச்சாங்க. எவ்வளவு இரக்கம் பாரு.”

“எதுக்கு நாலோட நிறுத்தினாங்க?”

“மனுஷன் உடம்புல நாலு நீர் இருக்கு. ரத்தம், கபம், ரெண்டு பித்தம். அதனால நாலு.”

“மீனுக்கு எத்தனை?”

“மீனுக்குக் கல்யாணம் இல்லம்மா.”

“குடுத்து வச்ச மீனு,” என்றாள் பெதோக். அதைப் பதிவு செய்யவேண்டாம் என்று ஆசலின் எழுத்தருக்குச் சைகை காட்டினார்.

“சரிங்க ஐயா. அந்த மகராசி ராணி, அவங்க கட்டினது யாரை? எங்க ராஜாவை. ராஜாவோட பாட்டியும் ராணியோட பாட்டியும் கூடப்பிறந்தவங்கன்னு இப்ப உங்க துறவியே வாசிச்சாரே. அது கையில எங்க வருது?”

ஆசலின் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கியை இறக்கி மூடினார்.

“அந்தக் கல்யாணத்தால ரெண்டு தேசத்துக்கு நடுவுல சமாதானம் வந்துச்சு. அதுக்கு விலக்கு உண்டு. உன் பொண்ணு கல்யாணத்தால எந்தத் தேசத்துக்குச் சமாதானம் வரும்?”

“எங்க வீட்டுக்கு வரும்.”

“வீடு தேசம் ஆகாதும்மா.”

பெதோக்குக்குக் கோபம் வந்தது. “அப்படின்னா என் பொண்ணு ராணிக்கு மகதானே? ராணிக்கு எத்தனை கோட்டை? எங்க பங்கு எங்க?”

“இது ஆத்துமா உறவு,” என்றார் ஆசலின் மிருதுவாக. “ஆத்துமாவுக்குக் கோட்டை எதுக்கு? ரத்த உறவுக்குச் சொத்து, ஞான உறவுக்குத் தடை. ரெண்டையும் ஒரே ஆளுக்குக் குடுத்தா அது நியாயமா இருக்காது.”

அப்போது பெதோக் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். வழி நெடுக யோசித்து மனதுக்குள் பொத்தி வைத்திருந்தது அது.

“ஐயா, ராணி இவளுக்கு ஞானத்தாயே இல்ல.”

மன்றம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“இவ பிறக்கும்போது மூச்சில்ல. உடம்பெல்லாம் நீலம். செத்துருவான்னு பயந்து, மருத்துவச்சி அங்கயே தண்ணி தெளிச்சு, பிதா சுதன் சொல்லி, ஞானஸ்நானம் குடுத்துட்டா. அப்புறம்தான் புள்ள அழுதுச்சு. ராணி வந்தன்னிக்கு இவளுக்கு ஏற்கெனவே முடிஞ்சாச்சு. வெள்ளைத் துணி குடுக்கிறாங்கன்னு நான்தான் மறுபடி கொண்டுபோய் நீட்டினேன்.”

“அட!” ஆசலின் கைதட்டாத குறைதான். “ஒருமுறை குடுத்தா குடுத்ததுதான். ரெண்டாவது செல்லாது. ராணி வெறும் தண்ணியில புள்ளையக் குளிப்பாட்டியிருக்காங்க, அவ்வளவுதான். பெதோக், உன் பொண்ணுக்கு ராணியோட உறவே இல்ல! துணிக்காக ஏமாத்தினதுக்கு நீ நாப்பது நாள் உபவாசம் இருக்கணும். அது கிடக்கட்டும். தடை போச்சு!”

டூகல் எழுந்து வந்து பெதோக்கின் கையைப் பிடித்தான். “அத்தை!” என்றான். மூரியல் அழுதுகொண்டே சிரித்தாள். சாமியார் ஃபின்லே, விருந்துக்கு இன்னொரு ஆடு கிடைக்குமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரிக்கத் தொடங்கினார்.

“ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கிறேன்,” என்றார் ஆசலின். “அந்தப் புண்ணியவதி மருத்துவச்சி யாரு?”

பெதோக் டூகலின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“பேரு மறந்துபோச்சா?”

“ஈவா,” என்றாள் பெதோக்.

“எந்த ஈவா?”

டூகல் பெதோக்கின் கையை விட்டான். “எங்கம்மா,” என்றான்.

ஆசலின் தலையைச் சாய்த்தார்.

ஞானஸ்நானம் கொடுத்தவள் ஞானத்தாய்க்குச் சமம். அவள் பெற்ற பிள்ளை, ஞானஸ்நானம் பெற்றவளுக்கு உடன்பிறப்பு. ராணி வழியில் வந்த தடையாவது கொஞ்சம் வாதாடிப் பார்க்கக்கூடியது, இது இரும்பு என்று ஆசலின் விளக்கினார். அதோடு, முதல் ஞானஸ்நானத்துக்குச் சாட்சியான ஈவா இறந்துவிட்டதால் ராணியின் ஞானஸ்நானமும் செல்லாது என்று அடித்துச் சொல்லமுடியாது. ஆகவே இரண்டும் இருக்கும். இரண்டு தடைகள், இரண்டு விலக்குகள் தேவை. உபவாசத்தில் மட்டும் மாற்றமில்லை.

“அப்ப வயித்துல இருக்கிற புள்ள?” என்றாள் மூரியல். மன்றத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

ஆசலின் வெகுநேரம் யோசித்தார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

“டூகலை உன் வீட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டேன். அண்ணன் தங்கச்சி ஒரே கூரைக்குக் கீழ இருக்கிறத எந்தச் சட்டமும் தடுக்கல. அவன் மீன் பிடிச்சு வந்து போடட்டும். ஆனா பிறக்கப்போற புள்ளைக்கு அவன் அப்பன் இல்ல. தாய்மாமன். புள்ள அவனை மாமான்னுதான் கூப்பிடணும். டூகல், நீயும் இனிமே இந்தம்மாவை அத்தைன்னு கூப்பிடக்கூடாது.”

“வேற என்னன்னு கூப்பிடுறது ஐயா?”

“உன் தங்கச்சியோட அம்மாவை என்னன்னு கூப்பிடுவ?”

டூகல் பெதோக்கைப் பார்த்தான்.

“விலக்கு யார்கிட்ட கேக்கிறது?” என்றாள் பெதோக்.

“ரோமாபுரிக்குத்தான் எழுதணும். ஆனா நீ எழுத முடியாது. இது ராணியோட குடும்ப விஷயம். குடும்பத்துப் பெரியவங்கதான் விடுவிக்கச் சொல்லிக் கேக்கணும். ராஜாவும் ராணியும் போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க பிள்ளைங்க கேக்கக்கூடாது, உங்களுக்கெல்லாம் அவங்க அண்ணன் தம்பி ஆயிட்டாங்க. சம்பந்தப்பட்டவங்க கேட்டா செல்லாது. ஒரே ஒருத்தர் இருக்காங்க. மருமக, இளைய ராணி. அவங்களுக்கும் உங்க ஊருக்கும் நடுவுல ரத்தமும் இல்ல, தொட்டித் தண்ணியும் இல்ல. அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நானே எழுதி அனுப்புவேன்.” எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். “உங்க ஊர்ல யாருக்கும் அவங்க ஞானத்தாயா நிக்காதவரைக்கும் இந்த வழி திறந்திருக்கும்.”

*

மூரியலுக்குப் பெண் பிறந்தது. டூகல் அதைத் தூக்கிக்கொண்டு கரையில் நடப்பான். யாராவது எதிரே வந்தால், “மருமக நல்லா இருக்காளா?” என்று கேட்பார்கள். சிலர் கேலியாகக் கேட்டார்கள். சிலர் உண்மையாகவே கேட்டார்கள். கேலியைத் தாங்கிக்கொண்டான். மற்றதுதான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் மூரியலும் பாவப் பரிகாரமாக வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு வெறுங்காலோடு கோயில் வாசலில் நின்றார்கள். மூரியல் போர்த்தியது ராணி கொடுத்த துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தது.

பெண்ணுக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. ஊரில் யாரும் யாருடைய பிள்ளைக்கும் ஞானப்பெற்றோராக நிற்க முன்வரவில்லை. நின்றால் தன் பிள்ளைக்கு ஒரு வரன் குறையும் என்று கணக்குப் பார்த்தார்கள். குழந்தை வைத்திருந்த வீட்டிலெல்லாம் இதே கதை. பக்கத்து ஊரில் வரன் தேடலாம் என்றால், ராணியைப் பார்த்து அவர் மகள்களும் அந்தக் கரையெல்லாம் இறங்கி இறங்கி ஞானத்தாயாக நின்றிருக்கிறார்கள். அந்த ஞானப்பிள்ளைகள் எங்களுக்கு முழங்கை. உள்நாட்டில் தேடினால் அங்கே ராணியின் பேத்திகள் நின்றிருக்கிறார்கள், மணிக்கட்டு. எங்கள் இளைஞர்கள் சந்தைக்குப் போனால் பெண்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, சட்டையைச் சுருட்டித் தங்கள் கையைப் பார்க்கிறார்கள்.

கோடையில் செய்தி வந்தது. இளைய ராணி அதே திருயாத்திரைக்கு அதே கடல் வழியாக வருகிறார். இன்னும் பிள்ளை இல்லாதவர். மாமியார் மேல் அளவுகடந்த பக்தி உள்ளவர்.

“மாமியா கால் வச்ச கரையில கால் வைக்காமப் போவாளா?” என்றாள் பெதோக்.

அவ்வளவுதான். ராணியின் படகு தெரிந்ததும் ஊரில் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் எல்லோரும் குழந்தைகளைச் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டு பாறைக் குகைகளுக்கு ஓடினார்கள். வைக்கிங் கொள்ளைக்காரர்கள் வந்த காலத்தில்கூட எங்கள் ஊர் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை என்று சொல்வார்கள். ஆர்ட்னெஸில் கேட்ட ஒரே சத்தம், சாமியார் ஃபின்லே ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய சத்தம்தான்.

“நீயும் போ,” என்றாள் பெதோக் மகளிடம்.

“குகையில ஈரம்மா. இவளுக்குச் சளி கட்டியிருக்கு. நெஞ்சு கர்ருங்குது.”

“அப்ப படகுக்கடியில போங்க. மூணு பேரும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் மூச்சு விடாதீங்க.”

கீல் பூசுவதற்காக டூகல் தன் படகைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தான். மூவரும் அதற்குள் தவழ்ந்து போனார்கள்.

இளைய ராணி இறங்கினார். சின்னப் பெண். முகம் பச்சையாக இருந்தது. கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தோழிகள் தாங்கிப் பிடித்தார்கள். பின்னால் ஆசலின் வந்தார். கரையில் உட்கார ஓர் இடம் தேடி நாலா பக்கமும் பார்த்த ராணி, கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்தார்.

பெதோக் மணலில் முழங்காலிட்டாள். வேறு வழியில்லை. ஆரம்பித்துவிட்டாள். புயல், துணி, தொட்டி, ஈவா, மோதிரம், வாசல், எல்லாவற்றையும் சொன்னாள். இளைய ராணி நல்லவர். முழுவதும் கேட்டார். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம்,” என்றார். “என் மாமியார் புண்ணியம்னுதானே பண்ணினாங்க. மாஸ்டர், நான் சொன்னா ஆகுமா?”

“உங்களால மட்டும்தான் ஆகும் மகாராணி,” என்றார் ஆசலின். “இந்த ஊரோட உங்களுக்கு எந்த ஞான உறவும் இல்லாததுனால.”

“அப்ப எழுதுங்க. படகுக்குத் திரும்பினதும் என் முத்திரையைப் போட்டுத் தர்றேன்.”

பெதோக் மணலில் நெற்றியை வைத்தாள். “தாயே, நீங்க நல்லா இருக்கணும். படகுக்குப் போயிடுங்க தாயே. காத்து திரும்புது, இப்பவே போயிடுங்க.”

“ஏம்மா விரட்டுற?” இளைய ராணி சிரித்தார். முகத்தில் சற்று நிறம் திரும்பியிருந்தது. சுற்றிப் பார்த்தார். “மாமியார் வந்தன்னிக்கு இந்தக் கரை முழுக்கக் குழந்தைங்கன்னு சொல்லுவாங்க. இப்ப ஒண்ணுகூட இல்லயா?”

“இல்ல தாயே. ஒண்ணுகூட இல்ல. மீனு மட்டும்தான்.”

அப்போது படகுக்கடியில் யாரோ இருமினார்கள். மிகச் சிறிய இருமல். அதன் பின் ஒரு அழுகை. அதை அடக்குவதற்கு ஒரு பெரிய ஆளின் குரல், “ஷ், ஷ், மாமா இருக்கேன்ல” என்று.

ராணி துள்ளி எழுந்தார். தோழிகள் ஓடிவந்து படகின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்கள். உள்ளே மூரியல் முழங்காலில் இருந்தாள். டூகல் குழந்தையின் வாயின் மேல் கையை வைத்தும் வைக்காமலும் இருந்தான்.

“ஐயோ, எவ்வளவு அழகு! எத்தனை மாசம்? ஞானஸ்நானம் ஆச்சா?”

மூரியல் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது. ராணியின் கண்கள் விரிந்தன.

“ஆகலயா? சளி வேற கட்டியிருக்கு, ஏதாவது ஆச்சுன்னா இது மோட்சத்துக்கு எப்படிப் போகும்? சாமியார் எங்க?”

கோயில் வாசலில் சாமியார் ஃபின்லே நின்றிருந்தார். ஈரக் கைகளை அங்கியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தாயே, வேண்டாம்,” என்றாள் பெதோக். “மாஸ்டர், நீங்க சொல்லுங்க. சொல்லுங்களேன்!”

ஆசலின் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தைத் தடுக்கும் அதிகாரம் எந்த நீதிபதிக்கும் இல்லை. அவர் அங்கியின் கையை மெதுவாகச் சுருட்டத் தொடங்கினார்.

“குடுக்க விடாதீங்க அத்தை,” என்றான் டூகல்.

“அத்தை இல்ல,” என்று ஆசலின் திருத்தினார்.

அதற்குள் குழந்தை மூரியலின் கையிலிருந்து ஒரு தோழியின் கைக்குப் போயிருந்தது. யார் வாங்கினார்கள், யார் கொடுத்தார்கள் என்று பின்னால் கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இளைய ராணி இரண்டு கைகளையும் நீட்டினார். அவர் கண்ணில் நீர் நின்றது. பெதோக்கைப் பார்த்து, தன் சொந்தத் தாயைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்:

“கவலைப்படாதம்மா, இதையும் நம்ம குடும்பத்துலயே சேத்துக்கிறேன்.”